பறவை எங்ஙனம் பறக்கிறது? அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் காணும் சில உண்மைகள்

"பறவை எங்ஙனம் பறக்கிறது?" என்று வகுப்பில் ஒரு சிறுவன் கேட்பானாயின், "அதற்குச் சிறகு இருக்கிறது" என்று விடையிறுத்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவது எளிது. ஆனால் அச்சிறுவன் வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிக்கும் சிறகு இருக்கிறது. அது கூரையை எட்டுவதற்குள் களைத்துப்போகிறது. கொல்லைக்கு மேலே வட்டமிடும் பருந்துக்கும் சிறகு இருக்கிறது. அது நெடுநேரம் சிறகை அசைக்காமலே மிதக்கிறது. ஆகவே சிறகு இருக்கிறது என்பது விடையின் தொடக்கமேயன்றி முழு விடையன்று. அச்சிறகு எத்தகையது, அதை இயக்கும் தசை எத்தகையது, அச்சிறகைப் பெறுவதற்காக அப்பறவை வேறு எதைக் கைவிட்டது என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இக்கேள்விகளுக்கு விடை காண அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் மிகவும் ஏற்ற இடம். வங்கக் கடலின் தென்கிழக்கில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் இத்தீவுகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. இங்கே வாழ்நாளின் பெரும்பகுதியை ஆகாயத்தில் கழிக்கும் பறவையும் உண்டு. பெரும்பாலும் தரையிலேயே நடந்து திரியும் பறவையும் உண்டு. இவ்விரண்டும் சென்ற சில பத்தாண்டுகளில் பெரும் ஆபத்துக்கு உள்ளாயின. அவ்வாபத்து எங்கிருந்து வந்தது என்பதை அறிய, முதலில் பறத்தலின் தத்துவத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

தீவுக்குத் தீவு இயந்திரப் படகில் செல்லும் அன்பர்கள் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். படகு விரைந்து செல்லும்போது ஒரு தபால் அட்டையை இருபுறமும் பிடித்து, காற்றுக்கு எதிரே கிடைமட்டமாக நீட்டுக. பின்னர் அதன் முன்விளிம்பைச் சிறிது உயர்த்துக. அட்டை மேல்நோக்கி எழ முயல்வதைக் கை உணரும். சாய்ந்த அட்டை தன்மேல் வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று கீழே தள்ளப்படுவதால் அட்டை மேலே தள்ளப்படுகிறது. இதுவே தூக்கு விசை. முன்விளிம்பை மேலும் மேலும் உயர்த்தினால் ஒரு நிலையில் அட்டை எழுவதை விட்டுவிட்டுப் பின்னோக்கி இழுபடத் தொடங்கும். அப்போது அட்டையின் மேற்புறத்தில் ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சுழலாகிவிட்டது என்று பொருள். பறவையின் சிறகும் இந்த இரண்டு விதிகளுக்கும் கட்டுப்பட்டதே. மரக்கிளையில் வந்து அமரும் பறவையைக் கூர்ந்து நோக்குக. வேகத்தைக் குறைப்பதற்காக அது சிறகை மிகவும் நிமிர்த்துகிறது. அவ்வேளையில் சிறகின் முன்விளிம்பில், நம் கட்டைவிரல் இருக்கும் இடத்தில், ஒரு சிறு இறகுக் கற்றை தனியே விரிந்து நிற்கும். காற்று மேற்புறத்தை விட்டுப் பிரிந்துவிடாமல் காப்பதே அக்கற்றையின் வேலை.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியுள்ளது. சிறகின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்றுக்கு வழி நீளம் என்றும், கீழே செல்லும் காற்றோடு ஒரே சமயத்தில் பின்விளிம்பை அடைவதற்காக அது வேகமாக ஓடுகிறது என்றும், அதனால் மேலே அமுக்கம் குறைகிறது என்றும் பல பாடநூல்கள் கூறிவந்துள்ளன. மேலே காற்று வேகமாக ஓடுகிறது என்பதும், அங்கே அமுக்கம் குறைகிறது என்பதும் மெய். ஆனால் இரு காற்றும் ஒரே சமயத்தில் போய்ச் சேர வேண்டும் என்று இயற்கையில் விதி எதுவும் இல்லை. உண்மையில் மேற்புறக் காற்று கீழ்ப்புறக் காற்றுக்கு முன்னரே பின்விளிம்பை அடைந்துவிடுகிறது. வளைவே இல்லாத காகித விமானம் பறப்பதையும், பழகிய விமானி தன் விமானத்தைத் தலைகீழாகச் செலுத்துவதையும் எண்ணிப் பார்த்தாலே அவ்விளக்கத்தின் குறை புலனாகும். அமுக்க வேறுபாடு, காற்றைக் கீழே தள்ளுதல் என்னும் இரண்டும் ஒரே நிகழ்ச்சியை இருவகையில் கூறுவதேயாம். வளைந்த மேற்புறம் அவ்வேலையைக் குறைந்த இழப்போடு செய்ய உதவுகிறது. ஜெர்மானியரான ஆட்டோ லிலியந்தால் நாரைகளின் சிறகை ஆராய்ந்து 1889-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வளைவின் பயனை அளந்து காட்டினார்.

மேலே எழுந்தால் மட்டும் போதாது, முன்னேயும் செல்ல வேண்டும். பறவை தன் சிறகைக் கீழே அடிக்கும்போது சிறகின் வெளிப்பாதி முறுக்கிக்கொண்டு முன்விளிம்பு தாழ்கிறது. அதனால் அங்கு எழும் விசை நேர் மேலாக இல்லாமல் முன்நோக்கிச் சாய்கிறது. உடலை ஒட்டிய உட்பாதி பாரத்தைத் தாங்குகிறது. வெளிப்பாதி முன்னே இழுத்துச் செல்கிறது. விமானத்தில் இறக்கையும் சுழல்விசிறியும் தனித்தனியே செய்யும் வேலைகளைப் பறவையின் சிறகு ஒன்றே செய்துவிடுகிறது.

இதற்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வருகிறது? இதைக் கறிக்கடையில் வாங்கிய ஒரு முழுக் கோழியைக் கொண்டே வகுப்பில் விளக்கலாம். மார்பெலும்பின் நடுவே கப்பலின் அடிக்கட்டையைப் போன்று ஒரு முகடு நீண்டிருக்கும். அதன் இருபுறமும் படிந்துள்ள பெரிய தசை சிறகைக் கீழே இழுக்கிறது. சிறகை மேலே தூக்கும் தசை முதுகில்தான் இருக்க வேண்டும் என்று எவரும் நினைப்பர். ஆனால் அதுவும் மார்பிலேயே, பெரிய தசைக்கு அடியில் இருக்கிறது. அதன் நாண், தோளில் மூன்று எலும்புகள் கூடும் இடத்திலுள்ள ஒரு துளையின் வழியே ஏறி, கப்பியில் ஓடும் கயிற்றைப்போல் வளைந்து, மேற்கை எலும்பின் மேற்புறத்தைப் பற்றுகிறது. பெரிய தசையை மெல்ல விலக்கி அடித்தசையைப் பிடித்து இழுத்தால் கோழியின் சிறகு மேலே எழும். பாரம் முழுவதும் கீழே இருப்பதால் பறவை ஆகாயத்தில் கவிழாமல் இருக்கிறது. சோதனை முடிந்தபின் கோழியைச் சமைத்துக்கொள்வதில் தடையொன்றும் இல்லை.

அதே கோழி இன்னொரு பாடத்தையும் புகட்டும். அதன் மார்புத் தசை வெளுத்தும் தொடைத் தசை கறுத்தும் இருக்கும். ஒரு வளர்ப்புப் புறாவின் மார்புத் தசையோ கருஞ்சிவப்பாக இருக்கும். சிவந்த தசை இரத்தம் கொணரும் பிராணவாயுவைப் பெற்றுக் களைப்பின்றி நெடுநேரம் உழைக்கும். வெளுத்த தசை தன்னிடம் உள்ள சேமிப்பைக் கொண்டு ஒரு கணத்தில் பெருஞ்சக்தியை வெளியிடும். ஆனால் விரைவில் ஓய்ந்துவிடும். புதரிலிருந்து திடீரென எழுந்து சிறிது தூரம் சென்று இறங்குவதற்குக் கோழி இனத்தின் தசை மிகவும் ஏற்றது. கடலைக் கடப்பதற்குப் புறாவின் தசையே வேண்டும். கழுத்தில் நீண்ட தொங்கும் இறகுகளும், பச்சையும் செம்பும் மின்னும் உடலும், வெண்மையான குட்டை வாலும் உடைய நிக்கோபார் புறா தரையில் இரை பொறுக்கும் பறவை. ஆயினும் தீவு விட்டுத் தீவு கடல் கடந்து பறக்கிறது. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து பதினேழாம் நூற்றாண்டில் அழிந்துபோன, பறக்க இயலாத டோடோப் பறவைக்கு இன்று உயிரோடிருக்கும் பறவைகளுள் மிக நெருங்கிய உறவு இந்த நிக்கோபார் புறாவே என்று 2002-இல் மரபணு ஆராய்ச்சி காட்டியது. எதிரிகளற்ற தீவில் பறத்தல் என்னும் பெருஞ்செலவை உடல் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது. முற்றிலும் பறக்க மறவாத தீவுப் பறவைகளிற்கூட மார்புத் தசை சிறுத்தும் கால் நீண்டும் வருவதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு பல்வேறு தீவுகளில் கண்டறிந்தது.

எலும்பைப் பற்றியும் ஒரு சொல். பறவையின் எலும்பு உள்ளீடற்றது, ஆகையால் இலேசானது என்பர். பல எலும்புகள் உள்ளீடற்றவை என்பது உண்மையே. ஆயினும் உடல் எடையோடு ஒப்பிட்டால் பறவையின் எலும்புக்கூட்டின் எடை அதே அளவுள்ள பாலூட்டியினுடையதைவிட மிகக் குறைந்ததன்று. எலும்பு மெல்லிய சுவருடையது. அச்சுவர் அடர்த்தியும் உறுதியும் வாய்ந்தது. வளைதலையும் முறுக்குதலையும் தாங்குவதே அதன் சிறப்பு. நுரையீரலுடன் இணைந்த காற்றுப் பைகள் காற்றை ஒரே திசையில் ஓடச் செய்கின்றன. ஆதலால் மூச்சை வெளியே விடும்போதும் நுரையீரலில் புதுக்காற்று செல்கிறது.

சிறகின் வடிவம் தொழிலுக்கேற்ப மாறுவதை இத்தீவுகளின் கரையில் நின்றே காணலாம். வெண்வயிற்றுக் கடற்கழுகு அகன்ற சிறகின் நுனி இறகுகளை விரல்களைப்போல் விரித்து, குன்றின்மீது மோதி எழும் காற்றிலும் வெயிலால் எழும் காற்றிலும் ஏறி நிற்கிறது. நுனியில் விரிந்த அவ்விடைவெளிகள் சிறகின் முனையில் சுழலால் உண்டாகும் இழப்பைக் குறைக்கின்றன. வடஅந்தமானுக்குக் கிழக்கே கடலில் தனித்து நிற்கும் நார்கொண்டம் என்னும் அணைந்த எரிமலைத் தீவில் ஒரு வகை இருவாட்சி வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. தீவின் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. இருவாட்சிகள் ஏறக்குறைய ஆயிரம் என்று அண்மைய கணக்கீடு கூறுகிறது. இருவாட்சி தலைக்குமேல் செல்லும்போது நீராவி வண்டியின் மூச்சைப் போன்ற ஓசை கேட்கும். பிற பறவைகளில் பெரிய இறகுகளின் அடியைச் சிற்றிறகுகள் கீழ்ப்புறத்தில் மூடியிருக்கும். இருவாட்சிகளில் அம்மூடல் குறைவு. இடுக்கு வழியே காற்று பாய்ந்து ஒலிக்கிறது. காட்டில் பறவையைக் காணுமுன் காதாலேயே அடையாளம் காண இது வனத்துறை ஊழியர்களுக்கு உதவுகிறது.

இனி நாம் முதலில் குறித்த இரு பறவைகளுக்கு வருவோம்.

பாராடாங் முதலிய தீவுகளில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் உழவாரன் இனத்தைச் சேர்ந்த, ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள கரும்பழுப்புப் பறவை கூடு கட்டுகிறது. பகல் முழுவதும் அது ஆகாயத்தில் பறந்துகொண்டே பூச்சிகளைப் பிடித்து உண்கிறது. அதன் சிறகை நோக்கினால் மேற்கை எலும்பு மிகக் குட்டை. கை எலும்பும் அதில் பதிந்த இறகுகளுமே பெரும்பகுதி. அரிவாளைப் போன்று வளைந்து ஒடுங்கிய அச்சிறகு விரைந்து பறப்பதற்கென்றே அமைந்தது. ஐரோப்பாவில் கூடு கட்டும் இதன் உறவான ஓர் உழவாரன், கூடு கட்டாத காலத்தில் பத்து மாதம் வரை ஏறத்தாழ இடைவிடாது ஆகாயத்திலேயே தங்குவதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2016-இல் மெய்ப்பித்தனர்.

இத்தகைய சிறகுக்கு இப்பறவை கொடுத்த விலை அதன் கால். உழவாரன் குடும்பத்தின் கால்கள் மிகச் சிறியவை. செங்குத்தான பாறையைப் பற்றித் தொங்குவதற்கு உதவுமேயன்றி நடப்பதற்கும் கிளையில் அமர்வதற்கும் உதவா. நடக்க இயலாத பறவை தரையில் இறங்கிச் சுள்ளி பொறுக்குவது எங்ஙனம்? ஆகவே இது தன் எச்சிலையே நூலாக இழுத்துப் பாறைச் சுவரில் படியவைத்துக் கூடு கட்டுகிறது. கூடு கட்டும் பருவத்தில் எச்சில் சுரப்பிகள் பருத்துப் பின்னர் சுருங்கிவிடும். கிண்ணத்தின் பாதியைப் போன்ற அவ்வெண்ணிறக் கூட்டைக் கட்டி முடிக்க ஒரு மாதத்திற்கும் மேலாகிறது. எடையோ சில கிராமே. குகையின் உள்ளிருளில் இப்பறவை வாயால் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, அது பாறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழி காண்கிறது. வௌவாலின் ஒலி பெரும்பாலும் நம் செவிக்கு எட்டாது. இதன் ஒலியை நாமே கேட்கலாம்.

பெண் பறவை இரு முட்டைகளை இடுகிறது. பொரித்த குஞ்சு கண் திறவாதது, இறகற்றது. ஏறத்தாழ ஆறு வாரம் அது அக்கூட்டிலேயே ஒட்டிக்கிடந்து சிறகை வளர்க்கிறது. காக்கைக் குஞ்சைப்போல் கிளைக்குக் கிளை தாவிப் பழகும் வாய்ப்பு அதற்குக் கிடையாது. கூட்டை விட்டு எழும் முதல் கணத்திலேயே அது முழுமையாகப் பறந்தாக வேண்டும். கீழே விழுந்தால் மீண்டும் எழ வழியில்லை. ஆகவே குஞ்சு பறந்து செல்லுமுன் கூட்டைப் பெயர்ப்பது குஞ்சைக் கொல்வதேயாகும்.

இக்கூடுதான் சீன உணவில் பெருவிலை பெறும் கூடு. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990-ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியில் இத்தீவுகளின் குகைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று ஆராய்ந்தார். பெரும்பாலான கூடுகள் குஞ்சு பறக்குமுன்னரே பறிக்கப்படுவதையும், சுமார் பத்தாண்டுகளில் இப்பறவை பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதையும் அவர் தெரிவித்தார். பிறகு வனத்துறையும் அம்மையமும் கூடி வகுத்த திட்டத்தில், முன்னர்க் கூடு பறித்தவர்களையே குகைக்காவலராக அமர்த்தினர். எந்தப் பாறையிடுக்கில் எத்தனைக் கூடு உண்டு என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யாவர்? காவல் உள்ள குகைகளில் பறவைகள் பெருகின. 2009-இல் ரவி சங்கரன் காலமானார். தடை மட்டும் விதித்திருந்தால் இப்பலன் கிட்டியிராது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

நிக்கோபாரின் மெகாபோட் இதற்கு நேர்மாறான பறவை. பெயரின் பொருள் பெரும் பாதம். கோழி இனத்தைச் சேர்ந்த இது கடற்கரைக் காட்டின் தரையில் நடந்து திரிகிறது. ஆபத்து நேர்ந்தால் சிறிது தூரம் பறக்கிறது. இது முட்டையின்மேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. வலிய காலால் மணலையும் இலைச்சருகையும் வாரி ஒரு பெரிய மேடு எழுப்பி அதில் முட்டையைப் புதைத்துவிடுகிறது. சருகு அழுகுவதால் உண்டாகும் வெப்பமும் வெயிலின் வெப்பமும் முட்டையைப் பொரிக்கின்றன. முட்டை கோழி முட்டையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளது. மெகாபோட் குடும்பத்தின் முட்டைகளில் பாதியளவோ அதற்கு மேலோ மஞ்சட்கருவே நிறைந்திருக்கும். இரண்டு மாதத்திற்கு மேல் அவ்வுணவை உண்டு குஞ்சு முட்டைக்குள்ளேயே முழுவளர்ச்சி பெறுகிறது. வெளிவரும்போது அதற்குச் சிறகு முளைத்தே இருக்கும். மேட்டைத் தானே தோண்டிக்கொண்டு வெளியேறி, தாயையும் தந்தையையும் காணாமலே காட்டுக்குள் ஓடிவிடும். சில மணி நேரத்திற்குள் பறக்கவும் வல்லது. உழவாரன் குஞ்சு கூட்டில் பெறுவதை இது மண்ணுக்குள் பெற்றுவிடுகிறது.

ஆனால் அந்த மண் கடற்கரை மண். மேடுகளுள் பெரும்பாலானவை கரையை ஒட்டியே இருந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கின. பெரிய நிக்கோபாரின் தென்முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் நீரில் நின்றது. கரையோரக் காடும் மேடுகளும் கடலுக்குள் போயின. 2006-இல் எடுத்த கணக்கின்படி மெகாபோட்டின் எண்ணிக்கை 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கண்டதைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது. மெகாபோட் என்றே பெயர் பெற்ற சிறு தீவில் அப்பறவை இல்லாது போயிற்று. தப்பிய பறவைகள் புதிய கரைகளில் மீண்டும் மேடு எழுப்பி வருகின்றன. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவும் மேடுகள் உள்ள இடம். அங்குப் பெருந்துறைமுகம் உள்ளிட்ட திட்டத்திற்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே மெஞ்சால் தீவு மெகாபோட்டுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரு கரையை இழக்கும் மேட்டுப்பறவை மற்றொரு தீவுக்குத் தானே பெயர்ந்து செல்லுமா என்பது அதன் வெளுத்த மார்புத் தசையைப் பொறுத்த கேள்வி. இதற்கு விடை அலுவலகத்தில் இருந்துகொண்டு எழுதக்கூடியதன்று.

ஆகவே கரையோரம் ரோந்து செல்லும் ஊழியர்கள் காணும் ஒவ்வொரு மேட்டையும் குறித்துவைத்தல் மிகவும் பயனுடையது. மேட்டின் உச்சியில் மண் புதிதாகக் கிளறப்பட்டு நெகிழ்ந்திருந்தால் பறவை அதை இன்றும் உபயோகிக்கிறது என்று கொள்ளலாம். செடி முளைத்து மண் இறுகியிருந்தால் அது கைவிடப்பட்டிருக்கக் கூடும். மேட்டின்மேல் ஏறுதல் கூடாது. மண் இறுகினால் அடியில் இருக்கும் குஞ்சு வெளிவர இயலாது. கரையிலிருந்து எத்தனை அடி தூரம், மேட்டின் உயரம், அருகில் நாய் அல்லது பூனையின் காலடி உண்டா என்பவற்றைத் தேதியோடு எழுதி, அடுத்த திங்கள் அதே மேட்டுக்குச் சென்று மீண்டும் எழுதுக.